ஊமைப் பங்களாவில் எரிந்த காமன்

ஆடி மாதத்தில் மீசையை எடுக்கச் சொன்னபோதே இது சரிப்படாது என்று எனக்குத் தோன்றியது. மாசியில் எடுத்தால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்தில் ரதி வேடம் கட்டுகிறவன் நான். மாசி பிறந்தால் என் மேலுதடு மொட்டையாகிவிடும். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பெண்கள் "என்ன ரதியம்மா, கொழுந்துக்கு வரலியா?" என்று கேலி செய்வார்கள். நானும் இடுப்பை ஒரு வெட்டு வெட்டிக் காட்டிவிட்டுப் போவேன். அந்தக் கேலி எனக்குப் பிடிக்கும். அப்புத்தளையிலிருந்து ஹல்துமுல்லை வரைக்கும் என்னைப் போல அழுகிற ரதி கிடையாது என்று ஆட்கள் சொல்லுவார்கள். நான் அதை மறுத்ததே இல்லை.

காமன் கூத்து தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சிவனின் தவத்தைக் கலைக்கப் போன காமன் நெற்றிக்கண் நெருப்பில் எரிந்து போகிறான். அவன் மனைவி ரதி தாலியறுத்து அழுது, சிவனிடம் மன்றாடி, அவன் உயிரைத் திரும்ப வாங்குகிறாள். கதை அவ்வளவுதான். ஆனால் எங்களுக்கு அது கதை மட்டுமல்ல. மாசியில் கம்பம் நட்டு, வேடக்காரர்களின் மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கட்டிவிட்டால் அதன் பிறகு நடப்பதெல்லாம் மெய். எரிந்த காமனை மூன்றாம் நாள், எரித்த அதே இடத்தில், அதே சாம்பலுக்கு முன்னால் எழுப்பியாக வேண்டும். எழுப்பும்வரை காமன் வேடக்காரன் செத்தவன்தான். தனியாகப் படுப்பான். யாரோடும் பேசமாட்டான். எழுப்பின பிறகுதான் காப்பை அவிழ்ப்பார்கள். எழுப்பாமல் விட்டால் என்ன ஆகும் என்று யாரும் யாரிடமும் கேட்டதில்லை.

எங்கள் காமன் என் அக்காவின் புருஷன். தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். நல்ல உயரம், நல்ல தோள், எந்நேரமும் ஒரு பகிடி வாயில் இருக்கும். நான் ரதி, மச்சான் காமன் என்பதில் அக்காவுக்கு முதலிலிருந்தே ஒரு எரிச்சல் இருந்தது. "என் புருஷனுக்கு இவன் பொண்டாட்டியாம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுவாள். சிரிப்பு வாயோடு நின்றுவிடும்.

ஆடியில் கூத்து வந்தது ஊமைப் பங்களாவால். எங்கள் தோட்டத்துக்கு மேலே, மலை முகட்டில், காட்டை ஒட்டி ஒரு பழைய பங்களா. யாரோ ஒரு துரையின் குடும்பம் தர்மத்துக்கு எழுதி வைத்த இடம் என்று சொன்னார்கள். அங்கே தங்க யாரும் காசு கொடுக்க வேண்டாம். கொழும்பிலிருந்து வெள்ளைக்காரர்களும் சிங்களப் பெரிய வீட்டுக்காரர்களும் வந்து, மரத்தடியில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். காலையில் மணி அடிக்கும்வரை அங்கே ஒரு சத்தம் வரக்கூடாது. சமையல்காரன்கூடச் சட்டியைத் துணி சுற்றித்தான் இறக்குவானாம். அதனால்தான் எங்கள் ஆட்கள் அதற்கு அந்தப் பெயரை வைத்தார்கள்.

அந்த ஊமைகள் வருஷத்துக்கு ஒரு முறை பத்து நாள் பாட்டும் ஆட்டமுமாக முகாம் போடுவார்கள் என்பதுதான் வேடிக்கை. கீழ்க் கிராமத்துச் சிங்கள மேளக்காரர்கள் வருவார்கள். பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானா, கோலாட்டம் போலக் களிகம்பு அடிக்கிற தன் ஆட்களோடு வருவார். அப்போது பதுளைக்கு ரயில் கிடையாது. பண்டாரவளைவரை மாட்டு வண்டியில் வந்து அங்கிருந்து ரயில் பிடிப்பார்கள். நானாவுக்குத் தமிழும் தெரியும், சிங்களமும் தெரியும், இங்கிலீசும் தெரியும். பங்களாவை நடத்திய வெள்ளைக்காரத் துரைசாணி அம்மாவுக்கு வாய் அவர்தான்.

அந்த வருஷம் துரைசாணிக்குத் தோட்டத்து ஆட்களின் கூத்தும் வேண்டுமென்று ஆசை வந்தது. எங்கள் துரையிடம் கேட்டார். துரை தலையாட்டினார். எங்களை வேலை வாங்குகிற கங்காணி எங்களைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டு வந்து, "அஞ்சு நாளு லீவு, சோறு அவங்களோடது, காமனாட்டம் போடுறீங்க" என்றார்.

கூத்து வாத்தியார் அரண்டுபோனார். எங்களுக்கெல்லாம் ஆட்டம் சொல்லிக் கொடுத்தவர் அவர். மற்ற நேரத்தில் எங்களைப் போலவே முள்ளால் மண்ணைக் கிளறி முள்ளுக்குத்துகிற கூலி.

"மாசியில நடுற கம்பத்த ஆடியில நடுறதாங்க? காத்து என்னா காத்து அடிக்குது, பாருங்க" என்றார்.

"கம்பம் நட வேணாம்யா. சும்மா வேடிக்க காட்டிட்டு வாங்க" என்றார் கங்காணி.

ஆக, வேடிக்கை என்று முடிவாயிற்று. கம்பத்துக்குப் பதில் ஒரு வெறும் மூங்கில். காப்பு கிடையாது. விரதம் கிடையாது. பகலிலேயே ஆடி, பொழுது சாய முடித்துவிடுவது. எனக்கும் அது நிம்மதியாக இருந்தது. விளையாட்டுக்கு எரித்தவனை எழுப்பத் தேவையில்லை அல்லவா.

ஆனால் புறப்படுகிற காலையில் வாத்தியாருக்கு மனசு கேட்கவில்லை. காட்டோரம், முன்பின் தெரியாத இடம், காமன் வேடத்தைக் காப்பில்லாமல் கட்டினால் ஏதாவது அண்டிவிடும் என்று பயந்தார். என்னையும் மச்சானையும் லயத்துக் கோடிப்புறம் கூட்டிப்போய், மஞ்சள் நூலில் மஞ்சள் துண்டு முடிந்து, இருவர் கையிலும் கட்டினார். "ஒரு பாதுகாப்புக்குத்தான். ஒருத்தருக்கும் சொல்லாதீங்க" என்றார். நாங்களும் நல்லது என்றுதான் நினைத்தோம்.

அக்கா கண்ணுக்கு அது தப்புமா? மச்சானுக்குத் தேத்தண்ணிக் கோப்பையை நீட்டியவள் அவர் கையைப் பிடித்துத் திருப்பினாள்.

"காப்பு கட்டியாச்சா? வேடிக்கன்னு சொன்னீங்க?"

"பாதுகாப்புக்குத்தான் புள்ள."

"காப்பு கட்டுனா அது வேடிக்க இல்லீங்க." அவள் முகம் வெளுத்துவிட்டது. பிறகு என்னைப் பார்த்தாள். "நீ ரெண்டு நாளு வெள்ளச் சீல கட்டி அழுதுட்டு மீசைய வளத்துக்குவடா. எனக்கு அப்பிடியில்ல."

நான் என் வழக்கப்படி ஏதோ கிண்டல் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. மலையேறும்போது முழுவதும் என் மணிக்கட்டு அரித்துக்கொண்டே இருந்தது.

பங்களாவில் எங்களுக்குக் குதிரை லாயத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில் கொடுத்தார்கள். நல்ல சோறு. முகாமுக்கு வந்த பெரிய மனிதர்கள் காலையில் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பனிப்புல்லில் நடந்தார்கள். மச்சான் என் காதுக்குள் சொன்னார்: "பாருடா, நமக்குச் செருப்பில்ல, வெறுங்காலோட நடக்குறோம். அவுகளுக்குச் செருப்பு இருக்கு, அதுனால வெறுங்காலோட நடக்குறாக." எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. மணி அடிக்கவில்லையே என்று வாயைப் பொத்தினேன். மணி அடிப்பதற்கு முன் இருமல் வந்தாலும் மச்சான் என்னைப் பார்த்து விரலை உதட்டில் வைப்பார். அந்த ஒரு காலைதான் நான் அங்கே பயமில்லாமல் இருந்தது.

அன்று பின்னேரம் பங்களாவுக்குக் கீழேயிருந்த திறந்த வெளியில் ஆடினோம். அதற்கப்பால் பத்தனை என்கிற புல்வெளிச் சரிவு, இடுப்பளவு மானாப்புல், ஆடிக் காற்றில் காய்ந்து சருகாகி இருந்தது. தப்புப் பறை முழங்கியது. மச்சான் ஆடினார். அவர் ஆட்டத்தைப் பார்த்த கொழும்புப் பெண்கள் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பரணில் இருந்த சிவன் வேடக்காரர் பந்தத்தைக் கீழே எறிந்தார். வைக்கோல் சுற்றிய மூங்கில் ஒரே வீச்சில் பற்றிக்கொண்டது. மச்சான் அதன் அடியில் மல்லாந்து விழுந்தார். முறைப்படி அவர் மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தினோம். நான் தலைமாட்டில் உட்கார்ந்து, பூவைப் பிய்த்தெறிந்து, ஒப்பாரியைத் தொடங்கினேன்.

முதல் அடி முடிவதற்குள் காற்றுத் திரும்பியது. எரிகிற வைக்கோல் பிரிந்து பறந்து மானாப்புல்லில் விழுந்தது. மாசியில் பனி ஈரம் இருக்கும், ஒன்றும் ஆகாது. ஆடியில் அது வெடிமருந்து. "பத்திக்கிச்சு!" என்று யாரோ கத்தினார்கள். தப்புக்காரர், வாத்தியார், சிவன், நானாவின் ஆட்கள், சிங்கள மேளக்காரர்கள் எல்லாரும் பச்சைக் கொப்பை ஒடித்துக்கொண்டு நெருப்பை அடிக்க ஓடினார்கள். வெளி காலியாயிற்று. துணிக்கு அடியில் மச்சானும் தலைமாட்டில் நானும் மட்டும்.

புகை தரையோடு உருண்டு வந்தது. எரிந்த காமன் தானாக எழுந்திருக்கக் கூடாது. ரதி பிணத்தை விட்டு நகரக் கூடாது. கையில் காப்பு இருக்கிறது. துணிக்குள்ளிருந்து மச்சான் மெல்லக் கேட்டார்.

"எந்திரிக்கட்டாடா?"

எழுந்தால் காப்புக்கு ஆகாது, கிடந்தால் புகை. "வாத்தியாரே! வாத்தியாரே!" என்று கத்தினேன். புகைக்கு அந்தப் பக்கமிருந்து பதிலே இல்லை. துணி ஏறி ஏறி இறங்குவதைப் பார்த்தேன். பிறகு அதற்குள் இருமல் கேட்டது. பிறகு இருமல்கூடக் கேட்கவில்லை. நான் முறையும் பார்க்கவில்லை, சாமியும் பார்க்கவில்லை. அவருடைய இரண்டு கையையும் பிடித்துத் துணியோடு தரதரவென்று லாயம்வரை இழுத்துக்கொண்டு போனேன். சேலை தடுக்கி இரண்டு தடவை விழுந்தேன். முகத்தைத் திறந்தபோது மூக்கும் உதடும் புகையில் கறுத்து, கண் வெள்ளையாகச் சொருகியிருந்தது. தண்ணீர் அடித்த பிறகுதான் மூச்சு வந்தது. ஆனால் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எரிந்தவன் பேசக் கூடாதென்று அந்த நிலையிலும் அவருக்கு நினைவிருந்தது. அதுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது.

நெருப்பு ஒரு சரிவைத் தின்றுவிட்டு அணைந்தது. உயிர்ச்சேதம் இல்லை. அந்தச் சரிவில் துரைசாணி நட்டு வளர்த்த மரக்கன்றுகள் அத்தனையும் போயின. மறுநாள் காலை, மணி அடித்த பிறகு, அவர் வந்து எங்கள் முன்னால் நின்றார். திட்டவில்லை. கண் சிவந்திருந்தது. ஆளுக்கொரு கம்பளி கொடுத்தார். நானா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இனி நெருப்பாட்டம் வேணாமாம். உங்கள பத்திரமா வீட்டுக்கு அனுப்பச் சொல்றாங்க. தொரைக்கும் ஆள் போயிருச்சு."

வாத்தியார் கையெடுத்துக் கும்பிட்டார். "நாளைக்கு ஒரு நாளு மட்டும் விடச் சொல்லுங்க நானா. நெருப்பு இல்லீங்க. பாட்டு மட்டுந்தான். எரிச்சவர எழுப்பணுங்க."

நானா மொழிபெயர்த்தார். துரைசாணி தலையை அசைத்து, மச்சான் படுத்திருந்த பக்கம் கையைக் காட்டி, ஏதோ பரிவாகச் சொன்னார்.

"அவருக்கு ஓய்வு வேணுமாம். கூட்டிட்டுப் போங்கன்றாங்க" என்றார் நானா.

நல்ல மனசுக்காரர்களிடம் மன்றாடுவதைப் போலக் கஷ்டம் வேறில்லை. அவர்கள் நம் நன்மைக்காகவே மறுக்கிறார்கள்.

மச்சானைக் கைத்தாங்கலாக லயத்துக்கு இறக்கினோம். அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள், கையில் இருந்த காப்பைப் பார்த்தாள், பாயை விரித்தாள். அன்று முழுவதும் அவர் இருமினார். கறுப்பாகத் துப்பினார். காய்ச்சல் ஏறியது. டிஸ்பென்சரி ஐயா வந்து ஒரு மருந்துத் தண்ணி கொடுத்துவிட்டு, "நெஞ்சில புகை எறங்கியிருக்கு" என்றார். மருந்தை மச்சான் குடித்தார். ஆனால் பேசவில்லை.

"ஒரு வார்த்த பேசுங்க" என்று அக்கா அவர் தோளை உலுக்கினாள். "நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டேன். என்கிட்ட மட்டும் பேசுங்க."

அவர் கண்ணில் நீர் வழிந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பேசினால் எழுப்பும்போது உயிர் திரும்பாது என்று அவர் உறுதியாக நம்பினார். அவர் பேசாமல் இருப்பதே அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்துக் காம்பராப் பெண்கள் வாசல்வரை வந்து எட்டிப்பார்த்தார்கள். உள்ளே வரவில்லை. எழுப்பாத காமன் கிடக்கிற வீடு. ஒருத்தி மட்டும் அக்காவை வெளியே கூப்பிட்டு, தாழ்ந்த குரலில், "பூ வச்சுக்காதடி, நாளைக்குப் பாத்துக்குவோம்" என்று சொன்னாள். நல்லதற்காகத்தான் சொன்னாள். அக்கா உள்ளே வந்து சுவரோரமாக உட்கார்ந்தாள். அவள் கை தாலிக்கயிற்றைப் பிடித்தது. அதன் பிறகு அதை விடவே இல்லை. நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன், மீசையில்லாத முகத்தோடு. அவள் ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

மூன்றாம் நாள் விடிந்தது. நாங்கள் திரும்பி வந்துவிட்டதால் கங்காணி மிச்ச லீவை ரத்துச் செய்திருந்தார். பெரட்டுக்குத் தப்பு அடித்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் ஆள் கணக்குக் கொடுக்கப் பெரட்டுக் களத்தில் போய் நிற்க வேண்டும். நானும் வாத்தியாரும் தப்புக்காரரும் சிவன் வேடக்காரரும் போகவில்லை. கம்பளியை ஒரு மூங்கிலில் தொட்டில் போலக் கட்டி, மச்சானை அதில் கிடத்தினோம். கங்காணி லயத்துக் கோடியில் வந்து மறித்தார்.

"சொல்லாம கொள்ளாம வேலைய விட்டுப் போனா என்னா ஆவும்னு தெரியும்ல? பொலிசு வரும். மறியலுக்குப் போவீங்க."

அந்தக் காலத்தில் அது வெறும் மிரட்டல் இல்லை. அப்படிச் சிறைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். வாத்தியார் அவர் முகத்தைப் பார்க்காமல், "போய்ட்டு வந்து போறோங்க மறியலுக்கு" என்று சொல்லி மூங்கிலைத் தோளில் ஏற்றினார். கங்காணி வழிவிட்டார். அவரும் அந்தக் கூத்தைப் பார்த்து வளர்ந்த மனிதர்தானே.

அக்கா பின்னாலேயே வந்தாள். கூத்துக் காரியத்துக்குப் பெண்கள் வருகிற வழக்கம் கிடையாது. திரும்பிப் போ என்று சொல்ல எங்கள் யாருக்கும் தைரியம் இல்லை.

ஏற்றம் செங்குத்து. மூடுபனி வழியை மறைத்தது. மேலே போகப் போகக் காற்று இரைந்தது. முதலில் கம்பளிக்குள்ளிருந்து அவர் மூச்சு கரகரவென்று கேட்டுக்கொண்டே வந்தது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் நடந்தேன். பாதிவழியில் காற்றின் இரைச்சலில் அது கேட்காமல் போயிற்று. கம்பளிக்கு வெளியே அவர் கை தொங்கி ஆடியது, மஞ்சள் நூலோடு. மூங்கிலை இறக்கி உள்ளே பார்த்திருக்கலாம். நான் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடுமே என்று பயம். வாத்தியாரும் நிற்கச் சொல்லவில்லை. அவருக்கும் அதே பயம்.

பங்களாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி அடித்திருக்கவில்லை. மரத்தடிகளில் வெள்ளை உடுப்புக்காரர்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். பனிக்குள் அவர்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு உடம்பு சிலிர்த்தது. அத்தனை ஆட்கள், ஒரு மூச்சுச் சத்தம் இல்லை. வெளிக்கு இறங்கினோம். அங்கே மூங்கில் இல்லை. சாம்பல் இல்லை. தரையைச் சுத்தமாகக் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தார்கள்.

வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சாம்பல் இல்லாமல் எதை வைத்து எழுப்புவது? தோட்டக்காரன் ஒருவன் எங்களைக் கண்டு, வாயைத் திறக்காமல், பூப்பாத்தியைக் கைகாட்டினான். ரோசாச் செடிகளின் அடியில் சாம்பலைக் கொட்டி மண்ணோடு கொத்திவிட்டிருந்தார்கள், உரத்துக்கு.

மச்சானைப் பாத்தி ஓரத்தில் கிடத்தினோம். மூச்சு இருந்தது, நூல் போல இருந்தது. முகம் சாம்பல் நிறம். இதற்குள் நானா எங்களைக் கண்டு ஓடிவந்தார். விரலை உதட்டில் வைத்து, கிசுகிசுவென்று, "கொஞ்சம் பொறுங்க, மணி அடிக்கட்டும்" என்றார். பிறகு மச்சானின் முகத்தைப் பார்த்தார். விரலைத் தானே இறக்கிக்கொண்டார்.

வாத்தியார் என்னைப் பார்த்தார். எழுப்புகிற பாட்டு ரதியின் பாட்டு. ரதி மன்றாடித்தான் உயிர் வரவேண்டும். நான் துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டு அவர் தலைமாட்டில் மண்டியிட்டேன். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தேன். வெறும் காற்றுத்தான் வந்தது. எத்தனை மாசியில் எத்தனை பேரை அழவைத்தவன் நான்! வராத அழுகையை வரவழைத்தே பழகியவனுக்கு, வந்துவிட்ட அழுகையைப் பாட்டாக்கத் தெரியவில்லை.

அப்போதுதான் எனக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. அக்கா.

அவளுக்கு அந்தப் பாட்டு முழுவதும் தெரிந்திருந்தது. எப்படித் தெரியாமல் இருக்கும்? வருஷா வருஷம் ஒத்திகை பார்த்ததே அவள் காம்பராவில்தான். அவள் அடுப்பை ஊதிக்கொண்டு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருப்பாள். கேட்கிறாள் என்றுகூட நாங்கள் நினைத்ததில்லை. முதலில் ரதியின் அடிகளைத்தான் பாடினாள். குரல் உடைந்தும் நடுங்கியும் வந்தது. பிறகு பாட்டை விட்டுவிட்டாள். அதே ராகத்தில் சிவனோடு நேராகச் சண்டைக்குப் போனாள்.

"கம்பளியில கெடக்குறவரு காமனில்ல சாமி, கவ்வாத்து வெட்டுறவரு. நீ எரிச்சா எந்திரிக்க இவரு தேவரில்ல. பேசாதன்னு சொன்னதுக்குப் பேசாம கெடக்குறாரே, அந்த ஒண்ணுக்காவது குடு."

தப்புக்காரர் குச்சியை எடுக்கவில்லை. விரல் நுனியால் தோலை மெல்லத் தட்டத் தொடங்கினார். ஊமைப் பங்களாவின் காடெல்லாம் அவள் குரல் போயிற்று. மரத்தடிகளில் ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்து எழுந்தார்கள். துரைசாணியும் வந்து நின்றார். யாரும் தடுக்கவில்லை.

வாத்தியார் சொம்பில் கொண்டுவந்திருந்த மஞ்சள் தண்ணீரை அள்ளி மச்சானின் முகத்தில் அடித்தார். ஒன்றும் இல்லை. மறுபடி அடித்தார். ஒன்றும் இல்லை. அக்கா பாடுவதை நிறுத்தவில்லை. மூன்றாவது தடவை மச்சானின் உடம்பு வில்லாக வளைந்தது. இருமினார். குடலே வெளியே வந்துவிடும் போல இருமி, கறுப்பாக ஒரு கட்டியைத் துப்பினார். கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்தார். அத்தனை வெள்ளைக்காரர்களையும் பார்த்துவிட்டு, அக்காவிடம் மெல்லக் கேட்டார்.

"மணி அடிச்சிருச்சா?"

அக்கா அவர் மேல் விழுந்து அழுதாள். வாத்தியார் அவர் காப்பை அவிழ்த்தார். அந்த நேரத்தில்தான் அந்தச் சத்தம் கேட்டது. நான் திடுக்கிட்டுத் திரும்பினேன். முகாமே கைதட்டிக்கொண்டிருந்தது. தப்பாக ஒன்றும் நினைத்து அல்ல. பலர் அழுதுகொண்டேதான் தட்டினார்கள். அக்கா பயந்துபோய் மச்சானைக் கட்டிப்பிடித்தாள்.

துரைசாணி மண்ணில் மண்டியிட்டு அக்காவின் கையைப் பிடித்தார். ஏதோ சொன்னார். நானா தயங்கினார்.

"தங்கச்சி, அம்மா கேக்குறாங்க... அந்தப் பாட்ட இன்னொருக்கா பாடுவீங்களான்னு."

அக்காவின் முகம் மாறியது. "பாடுறேன்னே சொல்லுங்க நானா. ஆனா அதுக்கு முந்தி அவங்க வீட்டு ஆம்பளையக் கொண்டாந்து இங்க படுக்க வைக்கச் சொல்லுங்க."

நானா அதை இங்கிலீசில் சொல்லவில்லை. மெதுவாகத் தமிழிலேயே சொன்னார். "அவங்க புருஷன் அந்தப் பெரிய சவுக்கு மரத்துக்கு அடியிலதான் இருக்காரு, தங்கச்சி. அவரு போனதுக்குப் பொறகுதான் இந்த இடத்தையே தர்மத்துக்கு எழுதி வச்சாங்க."

எங்களுக்குத் தெரியாது. வெள்ளைக்காரப் பெண்களின் கழுத்திலும் நெற்றியிலும் எந்த அடையாளமும் இருப்பதில்லை, விதவை என்று எப்படித் தெரியும்? அக்கா அந்த மரத்தைப் பார்த்தாள். தன் கையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். வெடுக்கென்று தன் கையை உருவிக்கொண்டாள். மூன்று நாளாக எதை நினைத்துச் செத்துக்கொண்டிருந்தாளோ அது அவள் கையைத் தொட்டுவிட்டது. "போயிருவோம்டா, இப்பவே போயிருவோம்" என்றாள். நாங்கள் மச்சானைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் இறங்கினோம். என் கையில் இருந்த காப்பை யாரும் அவிழ்க்கவில்லை என்பதே லயத்துக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. நானே கடித்து அறுத்தேன்.

பொலிஸ் வரவில்லை. மறுநாள் துரைசாணியே குதிரையில் இறங்கிவந்து எங்கள் துரையிடம் பேசிவிட்டுப் போனார் என்று கேள்விப்பட்டோம். மச்சான் பிழைத்தார். இருமல் மட்டும் அவரை விடவில்லை. கவ்வாத்துக் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தேயிலைத் தொழிற்சாலையில் லேசான வேலைக்குப் போனார். அடுத்த மாசியில் வேறு ஒருவன் காமனானான். என்னை அக்கா ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்: "மீசைய எடுக்கப்போறியா?" நான் எடுக்கவில்லை. அதன் பிறகு எந்த மாசியிலும் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்துவிட்டுத்தான் மச்சான் போனார், பாயில், சாதாரணக் காய்ச்சலில். பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். அக்கா வாயைத் திறக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, வெறும் கழுத்தோடு வாசலில் உட்கார்ந்து, மலை முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அந்தம்மாவுக்கு அன்னைக்கு ஒருக்கா பாடியிருக்கலாம்டா" என்றாள்.